இரண்டாயிரத்தில் ஒரு பங்கு

மயில்சாமி உயிரோடு இருந்த அறுபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் திக்கியதில்லை. செத்த பிறகுதான் திக்க ஆரம்பித்தார்.

இதைப் புகாராகக் கொண்டுவந்தவர் அவருடைய மனைவி துளசிமணி. ஆடிக் காற்றில் தலையெல்லாம் கலைந்து, கையில் ஒரு துணிப்பையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கண்ணு, எம் வீட்டுக்காரர் பேசுனா மோட்டாரு ஓடறாப்பல நிக்காம வருமுங்க. இங்க வந்தப்புறம் வார்த்தைக்கு வார்த்தை நின்னு நின்னு வருது. ஆள மாத்தி கீத்தி வச்சுட்டீங்களா?"

"அதெல்லாம் மாறாதுங்கக்கா," என்றேன். வாரத்துக்கு நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிப்போன பதில் அது. அடுத்த ஆளைக் கூப்பிடக் கையைக்கூடத் தூக்கிவிட்டேன். அவர் நகரவில்லை.

"சந்தோசமா இருக்கறப்பத்தான் ரொம்பத் திக்குது. அரிசி வெலை பேசுனா ஒழுங்கா வருது. எம் பேரச் சொல்ல வந்தா நின்னுக்குது. அது எப்படி?"

பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இத்தனை சரியாக நோயைச் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னேன்.

எங்கள் நிழலகம் கிணத்துக்கடவு தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் மனிதரின் மூளையைப் பதிவு செய்து அனுப்புவார்கள். நாங்கள் அதை எந்திரத்தில் ஓட்டுவோம். சர்க்கார் காகிதத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஜனங்கள் நிழல் என்கிறார்கள். ஒவ்வொரு நிழலுக்கும் உள்ளே ஒரு அறை. மயில்சாமிக்குத் துளசியக்கா கேட்டபடி, பல்லடத்தில் அவர் வைத்திருந்த மோட்டார் காயில் கட்டும் கடையையே போட்டுக் கொடுத்திருந்தோம். பெஞ்சு, செம்புக் கம்பிச் சுருள், சுவரில் கடிகாரம், வெளி ஒலிபரப்பு கேட்கிற ரேடியோ, எங்களைக் கூப்பிட ஒரு மணிப் பொத்தான், எதிரே வாடிக்கையாளர் நாற்காலி. தினம் அரை மணி நேரம், சந்திப்பு அறையில் துளசியக்கா திரை முன்னால் உட்கார்ந்தால், உள்ளே அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதாக மயில்சாமிக்குத் தெரியும். உறவுக்காரர் போன பிறகும் நிழல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் சட்டப்படி அது கொலை.

"ஒரு எந்திரத்தோட சக்திய ரெண்டாயிரம் பங்குன்னு வச்சுக்கங்கக்கா," என்றேன். "அதுல ஒரு பங்கு உங்க வீட்டுக்காரருக்கு. அந்த எந்திரத்துல மொத்தமே பத்து நிழல்தான். மிச்சமெல்லாம் மில்லுக்காரங்க வாடகைக்கு எடுத்து டிசைன் போடறாங்க, கணக்குப் போடறாங்க. ஒரு பங்குக்கு மேல எடுக்கக்கூடாதுன்னு நிழலுக்கு லிமிட் போட்டிருக்கு."

"அரிசி வெலை பேச அது போதும்."

"போதும். மனசு பொங்கறப்ப பத்தாது. அவர் பங்கு தீர்ந்துபோச்சுன்னா, அடுத்த பங்கு வர்ற வரைக்கும் அப்படியே நிறுத்தி வச்சிரும். உங்களுக்கு அது திக்கறாப்பல கேக்குது."

"அவருக்கு வலிக்குமா?"

"நிறுத்துனதே அவருக்குத் தெரியாதுங்கக்கா. தூங்கற ஆளுக்குத் தூக்கம் தெரியாதில்ல, அப்படி."

அது உண்மை. துளசியக்கா அவரிடமே கேட்டிருக்கிறார். "நான் திக்கறனா? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்று சொல்லிச் சிரித்தாராம்.

பிறகு ஒரு நாள், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் மயில்சாமி மத்தியானம் இரண்டு மணிக்கு முன்னால் கடையை விட்டு வீட்டுக்கு வந்ததே இல்லை. பாதி சுற்றிய காயிலை வைத்துவிட்டு எழுந்ததும் இல்லை. சாவு வீட்டுக்குக்கூட சுற்றி முடித்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கு மட்டும் பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்திருக்கிறார். தண்ணித்தொட்டி முக்கில் விழுந்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

"அன்னிக்குக் காத்தால நான் சண்டை போட்டேன் கண்ணு. ஊருக்கெல்லாம் வாய் ஓயாமப் பேசறீங்க, எங்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை பேசியிருக்கீங்களா, உங்களுக்கெல்லாம் எதுக்குப் பொண்டாட்டின்னு கேட்டுப்போட்டேன். பதில் சொல்லாமப் போனாரு. பதினோரு மணிக்கு எதுக்கு வந்தாரு? நெஞ்சு வலிச்சு வந்தாரா? இல்ல, கோவத்துல, ரெண்டுல ஒண்ணு பாத்தர்லாம்னு வந்தாரா? கோவத்தோடவே போயிட்டாரா? அது தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

"கேட்டுப் பாக்கலாமில்லக்கா?"

"கேக்காமயா? வாயத் தொறக்கறாரு. 'துள'ன்னு வருது. அப்பறம் அப்படியே பாத்துட்டு உக்காந்திருக்காரு. அஞ்சு நிமிசம், எட்டு நிமிசம். எனக்கு உசுரு போயி உசுரு வருது. பயந்துட்டு, 'சரி விடுங்க, தண்ணி குடிங்க'ன்னு சொல்லிப்போடறேன். நான் பேசுனதும் அவருக்கு நெனப்பு அதுல போயிருது."

எனக்கு வாய்தான் நீளமே தவிர மனசு அத்தனை கெட்டி இல்லை. மறுநாள் மேனேஜர் பெர்னார்ட் சாரிடம் போய், ஒரே ஒரு நிழலுக்கு லிமிட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"லிமிட் தண்டனை இல்லம்மா சுகந்தி," என்றார் அவர், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிழலுக்கு நேரம்னா என்னன்னு தெரியாது. கெடைக்கறதை எல்லாம் எடுத்துட்டு ஓடும். லிமிட்தான் அதுக்குக் கடிகாரம். அவங்க நம்மளோட சேந்து நடக்கறதே..."

மீதியை நான் கேட்கவில்லை. கஞ்சனுக்கு வியாக்கியானம் வேறயா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எழுதிக் கொடு, பொங்கலுக்குள் பார்க்கலாம் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. பொங்கலுக்குள் துளசியக்கா எலும்பும் தோலும் ஆகிவிடுவார்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி. ஒன்று என்று இருந்த இடத்தை வெறுமையாக விட்டேன். அவ்வளவுதான் வேலை.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு நாள் தினம் மூன்று வேளை அந்த எந்திரத்தின் கணக்கைப் பார்த்தேன். மயில்சாமி பெரிதாக ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. மனசு பொங்கும் நேரத்தில் இரண்டு பங்கு, மற்றபடி ஒன்று. தெருக்குழாயில் இருபது குடம் வரிசையில் நின்றால் யாரும் கூடுதலாகப் பிடிக்க முடியாது. மில் வேலைகள் அப்படி நெருக்கிக்கொண்டு நின்றன. லிமிட் என்பதே வீண் என்றுகூட நினைத்தேன்.

அந்தப் பதினோரு நாளும் மயில்சாமி பேசினார் பாருங்கள்! சந்திப்பு அறைக் கதவு வழியாக எனக்குத் துளசியக்காவின் சிரிப்புதான் கேட்கும். எதிர்வீட்டுக்காரன் போர்வெல் போட்டது, கவுன்சிலர் வீட்டு மோட்டார் காயில் எரிந்தது, மகள் கனடாவிலிருந்து அனுப்பிய ஜெர்கினைப் போட்டுக்கொண்டு பங்குனி வெயிலில் நடந்தது. ஒரு வார்த்தை திக்கவில்லை. ஒரு நாள் துளசியக்கா என்னையும் உள்ளே இழுத்துப்போய், "இந்தப் புள்ளதானுங்க உங்க திக்க எடுத்துவுட்டது, பேரு சுகந்தி" என்று காட்டினார். மயில்சாமி கும்பிட்டார். "நல்லா இரு அம்மிணி" என்றார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் துளசியக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். மயில்சாமி கொஞ்ச நேரம் கம்பிச் சுருளைத் தடவிக்கொண்டிருந்தார். திக்கல் இல்லை. வெட்கம்.

"வெசயதசமி நம்ம கடை தொறந்த நாளு. வருசா வருசம் உனக்கு அன்னிக்கு ஒரு சேலை எடுத்துக் குடுப்பேன். இந்த வருசம் எங்க போயி எடுக்கறது? அதுக்குப் பதுலா இதச் சொல்றேன். நாளான்னிக்கு வா."

"இப்பவே சொன்னா என்னவாம்?"

"வா, சொல்றேன்."

"நாளைக்கு இங்க லீவு. நடுவுல ஒரு நாளு இருக்குதுங்க."

"ஒரு நாள்தான? அது ஓடிப்போயிரும் போ."

கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஆயுத பூஜையென்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. லேத்துக்கும் ஓய்வு, தறிக்கும் ஓய்வு, சுத்தியலுக்கும் ஓய்வு. பொட்டு வைத்த கருவியை விஜயதசமி விடியும்வரை யாரும் தொடக்கூடாது. மில்லுக்காரர்கள் அதில் ரொம்பக் கண்டிப்பு. தங்கள் வேலை ஓடுகிற எந்திரம் எங்கள் கட்டடத்தில் இருந்தாலும் அதற்கும் அதே நியாயம். அதனால் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மில் வேலைகள் மொத்தத்தையும் நிறுத்துவோம். விஜயதசமி காலை ஆறு மணிக்கு அவை தாமாகவே மறுபடி தொடங்கும். நிழல்களை மட்டும் நிறுத்த முடியாது. லிமிட் இருப்பதால் அவை பாட்டுக்குத் தங்கள் ஒரு பங்கோடு ஓடிக்கொண்டிருக்கும். வருஷா வருஷம் நானேதான் நிறுத்துவேன். அந்த வருஷமும் நானேதான் நிறுத்தினேன்.

ஆறு மணி நாலு நிமிஷத்துக்கு என் கைபேசி ஒரு தடவை முனகியது. நான் பஸ் ஸ்டாப்பில் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டிருந்தேன். 'மணிப் பொத்தானில் கோளாறு, ஒலி நிறுத்தப்பட்டது' என்று ஒரு வரி. பொத்தான் சிக்கிக்கொள்வது அங்கே சகஜம். விஜயதசமிக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கைபேசியைப் பைக்குள் போட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பூஜை. பெர்னார்ட் சார் வாசலில் பூசணிக்காய் உடைத்தார். ஒவ்வொரு எந்திரத்துக்கும் நான் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். மயில்சாமி இருக்கும் எந்திரம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. ஏசியைக் குறைத்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் பெரிய பொட்டாகவே வைத்தேன்.

விஜயதசமி அன்று எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்து, மணிக்கோளாறின் பதிவைத் திறந்தேன்.

சிக்கவில்லை. யாரோ அழுத்தியிருக்கிறார்கள். முப்பத்தோராயிரத்துச் சொச்சம் தடவை. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடித்தால் மனுஷக் கை இல்லை என்று எந்திரமே முடிவு செய்து வாயை அடைத்திருக்கிறது. அழுத்தியது மயில்சாமி. அவர் அறைக் கடிகாரத்தைப் பார்த்தேன். அது எங்கள் நேரத்தைக் காட்டாது, அவர் ஓடிய நேரத்தைத்தான் காட்டும். இரண்டும் ஒன்றாகவே இருந்து பழகியதால் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. அந்த ஒரு விடுமுறையில் மட்டும் எட்டு வருஷம் எழுபத்தெட்டு நாள் ஓடியிருந்தது.

குழாயடியில் ஆளே இல்லை. மில்லெல்லாம் நிறுத்தியாகிவிட்டது. மற்ற ஒன்பது நிழலும் லிமிட்டைத் தாண்டாது. லிமிட் இல்லாத ஒரே ஆள் மயில்சாமி. மொத்தக் குழாயும் அவருக்கே திறந்துகொண்டது. முப்பத்தாறு மணி நேரம், கிட்டத்தட்ட இரண்டாயிரம் மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறார். எங்களுக்கு ஒரு நிமிஷம் ஆவதற்குள் அவருக்கு ஒரு நாளுக்கு மேல் போய்விடும். நான் பொட்டு வைத்த அரை நிமிஷம் அவருக்குப் பதினாறு மணி நேரம். பெர்னார்ட் சார் சொல்லி நான் கேட்காமல் வந்த அந்த மீதி வாக்கியம் இப்போதுதான் விளங்கியது. அவர்கள் நம்மோடு சேர்ந்து நடப்பதே லிமிட்டால்தான்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி நடந்து சரிசெய்திருந்தால், ஆறு மணியிலிருந்து மொத்தமே பத்து நிமிஷம். அவருக்கு அது பதினாலு நாள் ஆகியிருக்கும். பதினாலு நாளை எந்த மனுஷனும் மன்னித்துவிடுவான்.

எழுந்து ஓடினேன். சந்திப்பு அறைக் கதவைத் திறந்தபோது துளசியக்கா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை, மயில்சாமி எடுத்துக் கொடுத்ததிலேயே கடைசிச் சேலையாம். தலையில் கொத்தாக மல்லிகை. திரை அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது.

கடைச் சுவரில் இடமே இல்லை. தரையிலிருந்து கூரை வரை சாக்பீஸ் கோடுகள், ஐந்தைந்தாக. ரேடியோ அக்கக்காகப் பிரிந்து பெஞ்சில் கிடந்தது. எதிர்ச் சுவரில் சாக்பீஸால் வரைந்த ஒரு பெண்ணின் முகம். அதைச் சுற்றிச் செம்புக் கம்பியால் பூப்பூவாகக் கட்டிய மாலை. அவருக்குத் தெரிந்தது கம்பி சுற்றுவது மட்டும்தானே.

மயில்சாமி திரும்பினார். முகம் மாறவில்லை, நிழலுக்கு வயசாகாது. அமைதியாகக் கும்பிட்டார்.

"வாங்க," என்றார்.

துளசியக்கா சிரித்தார். "இதென்னுங்க புதுசா? எனக்கே வாங்க போங்கவா?"

"உக்காருங்க. பயப்படாதீங்க."

"எதுக்குங்க பயம்? முந்தாநேத்துத்தான போனேன். வான்னு நீங்கதான சொன்னீங்க."

"அப்படித்தான் இருக்குமுங்க," என்றார் மயில்சாமி ரொம்பப் பொறுமையாக. "எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. தண்ணித்தொட்டி முக்குல விழுந்தது நேத்துன்னே நெனச்சுட்டு இருந்தேன். எல்லாருக்கும் கடைசியா இருந்த நெனப்பு நேத்தாட்டத்தான் இருக்கும்."

"என்னுங்க பேசறீங்க? நாந்தானுங்க துளசி."

"தெரியுதுங்க. அச்சு அசல் அவளாட்டமே இருக்கறீங்க. சேலைகூட அதேதான்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "எம் பொண்டாட்டி தவறி எட்டு வருசமாச்சுங்க. ஆயுத பூசைக்கு மொத நாளு போனவ. பஸ்ஸுல ஏதோ ஆயிருக்கும் போல. மணி அடிச்சு அடிச்சுப் பாத்தேன், யாரும் வந்து சொல்லல. ரேடியோவும் அன்னிக்கே இழுத்து இழுத்து நின்னுபோச்சு. நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். உசுரோட இருந்தா அவ வராம இருக்க மாட்டா."

துளசியக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"நீங்க அவளோட நிழலுங்க," என்றார் மயில்சாமி. "வருத்தப்படாதீங்க. நானும் நெழல்தான். எப்பவோ எடுத்து வச்சிருந்து இப்ப ஓட்டியிருக்காங்க. ஒத்தையில கெடக்கறானேன்னு எனக்குத் தொணைக்கு அனுப்பியிருக்காங்க. நல்ல மனசுக்காரங்க."

"நா... நான்... உசு..." துளசியக்கா தன் நெஞ்சையே தொட்டுக் காட்டினார். "நானு... ஏனுங்... நா..."

"பாத்தீங்களா, திக்குது." அவர் முன்னால் குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான். லிமிட்டு கம்மியாப் போட்டிருப்பாங்க. இங்க சுகந்தின்னு ஒரு அம்மிணி இருக்குது, தங்கமான புள்ள. கேட்டா எடுத்து உட்டுரும்."

துளசியக்கா சேலைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். "அன்னிக்கு... பதினோரு மணிக்கு... எதுக்குக் கெளம்புனீங்க?"

மயில்சாமி சுவரிலிருந்த முகத்தைப் பார்த்தார். "அது அவளுக்குன்னு வச்சிருந்ததுங்க. தெனமும் அவகிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கேன். ஒரு வகையில நீங்களும் அவதான. தெரிஞ்சுக்குங்க." பெஞ்சில் கையை வைத்தார். "ஒண்ணும் பெருசா இல்லீங்க. ஒரு ஏழரை எச்.பி. மோட்டாரு சுத்திட்டு இருந்தேன். காத்தால அவ கோவத்துல சொன்னது காதுலயே இருந்துச்சு. பாதிச் சுத்துல கை நின்னுபோச்சு. போயி அவளப் பாக்கோணும்னு இருந்துச்சு. வலியெல்லாம் அப்பறந்தான் வந்துச்சு. போயி என்ன பேசறதுன்னுகூட நெனைக்கல. சும்மா பாக்கோணும். பூட்டிட்டுக் கெளம்பிட்டேன்."

"கோ... கோவமில்லீங்களா?"

"அவ மேல எனக்கென்னுங்க கோவம்?"

துளசியக்கா திரையில் கையை வைத்தார். அரை மணி நேரம் முடிந்து திரை கறுத்த பிறகும் எடுக்கவில்லை.

வேப்பமரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கிழமை எடுத்தேன், ஏன் தெரியாமல் போனது, பஸ் ஸ்டாப்பில் கைபேசியைப் பையில் போட்டது வரைக்கும். திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கேட்டது நான். குடுத்தது நீ," என்றார்.

எந்திரத்தின் கணக்கைப் பார்த்துவிட்டுப் பெர்னார்ட் சார் வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார். "அம்மா, முந்தாநாள் சாயங்காலத்துப் பிரதி ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். அத ஓட்டிருவோம். நீங்க விட்டுட்டுப் போனப்ப எப்படி இருந்தாரோ, அப்படியே இருப்பாரு. விஜயதசமிக்கு வான்னு சொல்லிட்டு உங்களுக்காக உக்காந்திருப்பாரு."

துளசியக்கா நிமிர்ந்தார். அந்த ஒரு கணம் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன்.

"அப்ப இவரு?"

"ஒருத்தருக்கு ரெண்டு நிழல் வச்சுக்கச் சட்டம் இல்லம்மா. இவரை நிறுத்திரணும்."

துளசியக்கா தலையிலிருந்த மல்லிகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொரு வருசம் கூட இருந்தவரு ஆசையா ஒரு வார்த்தை பேசலீங்க. இவரு என் மொகத்தச் செவுத்துல எழுதி வச்சுட்டு எட்டு வருசம் பேசியிருக்காரு. இவர நிறுத்திப்போட்டு, இதெதுவும் தெரியாத ஒருத்தர்கிட்டப் போயி நான் சேலை கட்டிட்டு உக்காரோணுமா? மனசு வரலீங்க."

"நான் போயி அவர்கிட்ட சொல்லிடறேங்கக்கா," என்றேன். "எல்லாம் என் தப்புன்னு. நீங்க உயிரோடதான் இருக்கீங்கன்னு."

"என்னன்னு சொல்லுவ? அவ சாகவே இல்ல, எட்டு வருசம் நீங்க அழுதது எதுக்குமே இல்லைன்னா?" முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. உடனே தணிந்தது. "வேண்டாம் கண்ணு. போதும், அவரு பட்டது. நான் நெழலாவே இருந்துட்டுப் போறேன். நீ போயி மொதல்ல அந்த லிமிட்டப் போடு."

"மறுபடியும் திக்குமேக்கா."

"திக்கட்டும்."

அவர் கண் முன்னாலேயே போட்டேன். வெறுமையாக இருந்த இடத்தில் ஒன்று.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். சாதாரண நூல் சேலை, பூ இல்லை. என்னையும் உள்ளே வந்து நிற்கச் சொன்னார், ஏனென்று சொல்லவில்லை. திரை வெளுத்தது. மயில்சாமி ரேடியோவை மறுபடி பூட்டியிருந்தார். அது பாடிக்கொண்டிருந்தது. எட்டு வருஷத்துக்கப்புறம் அது பாடுவதில் அவருக்கு அத்தனை சந்தோஷம், அதனால் வாயைத் திறந்ததுமே நின்றுபோனார்.

"வாங்க. லி..."

இரண்டு நிமிஷம் ஆனது. மூன்று நிமிஷம். துளசியக்கா விடுங்க என்று சொல்லவில்லை, தண்ணி குடிங்க என்று சொல்லவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"...லிமிட்டக் கூட்டுனாங்களா உங்களுக்கு?"

"இல்லீங்க," என்றார் துளசியக்கா. "மெதுவாத்தான் வருமாம்."

"பர... பரவால்லீங்க. எனக்குக்... காத்..."

மறுபடி நின்றது. ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. அக்கா அசையவில்லை.

"...காத்திருந்து பழக்கந்தான்."